முதல் ஐந்து நிமிடம்

ரப்பர் மரத்தில் உளி இறங்கியதும் பால் வேகமாகக் கிளம்பும். வெட்டிய கோட்டின் வழியே ஓடி, தகரத்தில் வழிந்து, மங்குக்குள் கம்பியாக விழும். கொஞ்ச நேரத்தில் கம்பி அறுந்து சொட்டாகும். சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையே நேரம் கூடிக்கொண்டே போகும். வெயில் ஏறும்போது பால் நின்று, கோட்டின்மேல் ஒட்டுப்பால் படிந்திருக்கும். சுங்கை சிப்புட், கோப்பெங், கம்பார், பத்து காஜா என்று பேராக் முழுதும் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய தமிழர்களுக்கு இது அன்றாடக் காட்சி. அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனைக் காடுகளாகிவிட்டன. இந்தக் காட்சியை எண்ணாக மாற்றிய ஆராய்ச்சி மட்டும் நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்குள் வரவே இல்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம்.

மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்விதழில் 1969-இல் மில்ஃபோர்ட், பார்டெகூப்பர், ஹோ ஆகிய மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அவர்கள் சொன்ன முறை இது: வெட்டிய முதல் ஐந்து நிமிடத்தில் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் பால் வருகிறது என்று அளக்க வேண்டும். அந்த வெட்டில் மரம் கொடுத்த மொத்தப் பாலால் அதை வகுக்க வேண்டும். நூறால் பெருக்கினால் கிடைப்பது பால்குழாய் அடைப்பெண். ஒரு கடிகாரமும் ஓர் அளவுக்குடுவையும் போதும்.

ஏன் முதல் ஐந்து நிமிடம்? விடியலுக்கு முன் மரத்தின் பால்குழாய்களுக்குள் அழுத்தம் மிக அதிகம். வளிமண்டல அழுத்தத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேலே போகும். தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டை அத்தனை அதிகாலையில் வைத்ததற்கும், வெயில் ஏறுமுன் வெட்டி முடிக்கச் சொன்னதற்கும் காரணம் அதுதான். உளி பட்டதும் அந்த அழுத்தம் பாலைத் தள்ளுகிறது. ஆனால் பால் ஓடத் தொடங்கிய கணத்திலிருந்தே, அறுபட்ட குழாய்களின் வாயில் அடைப்பும் உருவாகத் தொடங்குகிறது. பாலில் ரப்பர் துகள்களோடு லூட்டாய்டு என்னும் நுண்ணிய பைகளும் மிதக்கின்றன. அவை உடைந்தால், உள்ளிருக்கும் அமிலத்தன்மை கொண்ட நீர்மமும் நேர்மின்னேற்றப் புரதங்களும் வெளிவந்து ரப்பர் துகள்களைத் திரளச் செய்கின்றன. ஆகவே ஓட்டத்தின் தொடக்கத்தில் ஏறக்குறைய மரத்தின் தள்ளுவிசை மட்டும் பேசுகிறது. பிறகு நடப்பதில் அடைப்பின் குரலும் கலந்துவிடுகிறது. இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டுமானால் தொடக்கத்தைத் தனியாக அளந்தே ஆக வேண்டும்.

அதே ஆண்டில் பார்டெகூப்பரும் சமோசோர்னும் இன்னொன்றையும் காட்டினார்கள். பாலின் ஓட்டம் குறைவது ஓர் ஒழுங்கில் நடக்கிறது: எந்தக் கணத்திலும் ஓட்டம் எவ்வளவு இருக்கிறதோ, அதற்கு ஏற்ற விகிதத்தில்தான் அது குறைகிறது. ஒரு மரம் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 4 மில்லிலிட்டர் கொடுத்து, மொத்தம் 100 மில்லிலிட்டரில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடைப்பெண் 4. அதாவது நிமிடத்துக்கு நூற்றுக்கு நான்கு பங்கு என்னும் வீதத்தில் ஓட்டம் தேய்கிறது. சுமார் 17 நிமிடத்தில் பாதியாகிவிடும். பக்கத்து மரமும் அதே 4 மில்லிலிட்டரில்தான் தொடங்குகிறது, ஆனால் 200 கொடுக்கிறது என்றால் அதன் அடைப்பெண் 2. பாதியாக 35 நிமிடம் பிடிக்கும். இரண்டு மரத்துக்கும் தொடக்க வேகம் ஒன்றே. வேறுபாடு அடைப்பில். எத்தெஃபோன் மருந்தைப் பட்டையில் தடவினால் பால் கூடுவதும் இதனால்தான். மருந்திலிருந்து வெளிவரும் எத்திலீன் அடைப்பைத் தாமதப்படுத்துகிறது. முக்கியமாக நீள்வது ஓட்டத்தின் நேரம். அடைப்பெண் கூடுதலாக உள்ள மரவகைகள் இந்த மருந்துக்கு நன்றாக இணங்குகின்றன என்பதும் தெரியவந்தது.

வேதியியலாளர்கள் இதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே இந்த வழிக்கு வந்திருந்தார்கள். அவர்கள் எதிரே இருந்த கேள்வி: ஒரு வேதிவினை எவ்வளவு வேகமாக நடக்கும், அந்த வேகம் எந்தப் பொருளின் செறிவை எப்படிச் சார்ந்திருக்கும்? 1850-இல் லுட்விக் வில்ஹெல்மி அமிலத்தில் சர்க்கரை சிதைவதை ஒளியின் திருப்பத்தைக் கொண்டு அளந்து, வேகம் எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதைக் கண்டார். பால் ஓட்டம் தேய்வதும் இதே கணிதம்தான். 1884-இல் யாக்கோபஸ் வாண்ட் ஹாஃப் இத்தகைய வினைகளை வகைப்படுத்தி ஒரு நூலே எழுதினார். முதல் நோபல் வேதியியல் பரிசு 1901-இல் அவருக்குத்தான் கிடைத்தது.

வேக விதி என்பது எளிய வாக்கியம். வேகம் என்பது ஒரு மாறிலியையும், வினையில் ஈடுபடும் பொருள்களின் செறிவுகளையும் பெருக்கிக் கிடைப்பது. ஒவ்வொரு செறிவுக்கும் மேலே ஓர் அடுக்கு இருக்கும். அந்த அடுக்கைத்தான் வினைவகை என்கிறோம். செறிவை இரட்டித்தால் வேகமும் இரட்டித்தால் அடுக்கு 1. நான்கு மடங்கானால் 2. மாறாமல் இருந்தால் பூஜ்ஜியம். மாணவர்கள் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த இடத்தில். சமன்பாட்டில் ஒரு பொருளுக்கு முன் 2 என்று இருந்தால் அடுக்கும் 2 என்று எழுதிவிடுகிறார்கள். சமன்பாடு கணக்குப் புத்தகம். எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்பதை மட்டும் சொல்லும். எந்த வழியில், எந்த வேகத்தில் என்பதை அது சொல்லாது. அதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

ஈப்போவில் எந்த இடைநிலைப்பள்ளி ஆய்வகத்திலும் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவர்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் கூம்புக் குடுவையை வைத்து, சோடியம் தயோசல்பேட் கரைசலோடு கந்தக அமிலத்தை ஊற்றுவார்கள். கந்தகம் நுண்துகளாகப் பிரிந்து கரைசல் கலங்கும். குறி கண்ணுக்கு மறையும் நேரத்தைக் குறித்து, அந்த நேரத்தின் தலைகீழியை வேகம் என்று வரைபடத்தில் இடுவார்கள். ஏன் தலைகீழி என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. குறி மறைய வேண்டுமானால் ஒரு குறிப்பிட்ட அளவு கந்தகம் சேர வேண்டும். குடுவையும் மொத்தக் கன அளவும் மாறாதவரை, எல்லாச் சோதனையிலும் அந்த அளவு ஒன்றே. அளவை நேரத்தால் வகுத்தால் வேகம். அளவு மாறாததால் நேரத்தின் தலைகீழி மட்டும் போதும். தயோசல்பேட்டைக் குறைக்கும்போது அதற்கு ஈடாகத் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் இதற்காகத்தான். தண்ணீர் ஊற்றாவிட்டால் கரைசலின் ஆழம் மாறும், அமிலத்தின் செறிவும் சேர்ந்து மாறும்; எது எதை மாற்றியது என்று சொல்ல முடியாமல் போகும்.

ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அசையாமல் வை, தொடக்கத்தைப் பார். தொடக்க வேக முறை என்பது இவ்வளவுதான். ஆனால் எஸ்.பி.எம். சோதனை நேர்கோடு வந்ததும் நின்றுவிடுகிறது. அமிலத்தையும் தனியே மாற்றிப் பார்க்கச் சொன்னால், தயோசல்பேட்டை மாற்றியபோது நேரம் மாறிய அளவுக்கு இதில் மாறவில்லை என்பதை மாணவர் தானே காண்பார். அந்தக் கணத்தில்தான் வேக விதி என்ற எண்ணமே பிறக்கிறது. கூடுதலாக ஒரு பாடவேளை கொடுத்தால் நடக்கக்கூடிய காரியம் இது.

எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) மாணவர்களுக்கு ஏற்ற, இன்னும் தெளிவான வினை ஒன்று இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் வெர்னன் ஹார்கோர்ட்டும் வில்லியம் எஸ்ஸனும் 1860களில் ஆராய்ந்த ஹைட்ரஜன் பெராக்சைடு, அயோடைடு வினை. ஒரு பெராக்சைடு மூலக்கூறு, இரண்டு அயோடைடு அயனிகள், இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் சேர்ந்து அயோடினும் தண்ணீரும் ஆகின்றன. இதோடு கொஞ்சம் தயோசல்பேட்டையும் ஸ்டார்ச்சையும் கலந்துவைத்தால் கரைசல் நிறமற்றே இருக்கும். பிறகு சட்டென்று கருநீலமாகும். உருவாகும் அயோடினைத் தயோசல்பேட் உடனுக்குடன் மீண்டும் அயோடைடாக்கிவிடுகிறது. தயோசல்பேட் தீர்ந்த கணத்தில் அயோடின் ஸ்டார்ச்சைப் பிடிக்கிறது. ஆகவே நிறம் மாறும்வரை அயோடைடின் செறிவு குறையவே குறையாது. பெராக்சைடும் மிகச் சிறிதளவே செலவாகியிருக்கும்.

எண் போட்டுப் பார்ப்போம். 25 டிகிரி செல்சியசில், மென்மையான அமிலச் சூழலில், லிட்டருக்கு 0.010 மோல் பெராக்சைடும் 0.020 மோல் அயோடைடும் எடுக்கிறோம். நீலம் தோன்ற 100 விநாடி ஆகும்படி தயோசல்பேட்டை அமைத்துக்கொள்கிறோம். பெராக்சைடை இரட்டித்தால் 50 விநாடி. ஆக அடுக்கு 1. இப்போது பெராக்சைடைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து அயோடைடை இரட்டிக்கிறோம். சமன்பாட்டில் அயோடைடுக்கு முன் இருக்கும் 2-தான் அடுக்கு என்றால் நேரம் கால்வாசியாகி 25 விநாடியில் நீலம் வர வேண்டும். வருவது 50 விநாடியில். மும்மடங்காக்கினால் 33 விநாடி. அயோடைடின் அடுக்கும் 1-தான். மாறிலி சுமார் 0.0115 என்று கிடைக்கிறது. அதை வைத்துத் திரும்பக் கணக்கிட்டால், முதல் சோதனையில் நீலம் தோன்றும்வரை பெராக்சைடில் நூற்றுக்கு 2.3 பங்குதான் செலவாகியிருக்கும். இதைத் தொடக்கம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

இரண்டாவது அயோடைடு அயனி எங்கே போயிற்று? அது தாமதமாக வருகிறது. மெதுவாக நடக்கும் முதல் படியில் ஒரு பெராக்சைடும் ஓர் அயோடைடும் மட்டும் மோதுகின்றன. மற்றது எல்லாம் அதற்குப் பிறகு விரைந்து முடிந்துவிடுகிறது. வேகத்தைத் தீர்மானிப்பது மெதுவான படிதான். கண்ணால் காண முடியாத மூலக்கூறுகள் எந்த வரிசையில் சந்திக்கின்றன என்பதை ஒரு விநாடி காட்டும் கடிகாரம் சொல்லிவிடுவதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அசிட்டோனும் அயோடினும் அமிலத்தில் வினைபுரியும்போது இது உச்சத்துக்குப் போகிறது. அங்கே அயோடினின் அடுக்கு பூஜ்ஜியம். அயோடினை எவ்வளவு கூட்டினாலும் வேகம் அசையாது. அயோடின் இல்லாமலும் வினை இல்லை. 1904-இல் ஆர்தர் லாப்வொர்த் இதன் உட்பொருளைச் சொன்னார்: அசிட்டோன் அமிலத்தின் உதவியோடு முதலில் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. மெதுவாக நடப்பது அதுதான். உருமாறிய அசிட்டோன் உண்டாக உண்டாக அயோடின் அதைப் பிடித்துக்கொள்கிறது.

தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவில் அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹைட்ரஜனும் புரோமினும் சேரும் வினை சரியான சாட்சி. 1907-இல் மாக்ஸ் போடன்ஸ்டைனும் சாமுவேல் லிண்டும் கண்ட வேக விதியில் புரோமினின் அடுக்கு அரை என்று வந்தது. அதைவிட முக்கியம், விளைபொருளான ஹைட்ரஜன் புரோமைடு வகுத்தியில் உட்கார்ந்திருந்தது. வினை நடக்க நடக்க, அதில் பிறந்த பொருளே அதன் காலைப் பிடித்து இழுக்கிறது. விளைபொருள் இன்னும் உருவாகாத தொடக்கத்தில் மட்டும் அந்த இழுப்பு இல்லை. ரப்பர் மரத்தின் அடைப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஈப்போவின் மலைகளுக்கு வருவோம். கிந்தா பள்ளத்தாக்கில் நெட்டுக்குத்தாக எழுந்து நிற்பவை 25 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புப் பாறைகள். குனோங் சீரோவின் கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயமும், சாம் போ தோங் போன்ற சீனக் கோயில்களும், கோப்பெங் அருகே குவா தெம்புருங் குகையும் அதே பாறையில்தான் இருக்கின்றன. அந்தப் பாறையில் மழைநீர் எழுதும் வேக விதி 1978-இல் வெளியாயிற்று. நீல் பிளம்மர், டாம் விக்லி, டேவிட் பார்க்கர்ஸ்ட் மூவரும் 5 முதல் 60 டிகிரி வரை, கரியமில வாயுவின் அழுத்தத்தையும் அமிலத்தன்மையையும் மாற்றி மாற்றி, கால்சைட் கரைவதை அளந்தார்கள். கிடைத்த விதியில் நான்கு உறுப்புகள். மூன்று உறுப்புகள் கல்லைக் கரைப்பவை: ஒன்று ஹைட்ரஜன் அயனியின் செறிவுக்கும், இன்னொன்று நீரில் கரைந்த கரியமில வாயுவுக்கும், மூன்றாவது தண்ணீருக்கும் உரியது. நான்காவது கழித்தல் குறியோடு நிற்கிறது. அது கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் பெருக்கி வருவது. கரைந்த கல் மீண்டும் கல்லாகத் திரும்பும் வேகம்.

முதல் மூன்றையும் தனித்தனியே அறிய வேண்டுமானால் நான்காவது பேசத் தொடங்குவதற்கு முன் அளக்க வேண்டும். புதிதாக விழுந்த நீரில் கால்சியம் கிடையாது. நான்காவது உறுப்பு பூஜ்ஜியம். அவர்களின் மாறிலிகளை வைத்துக் கணக்கிட்டால் சுவையான ஒன்று தெரிகிறது. காற்றிலிருக்கும் கரியமில வாயு மட்டும் கரைந்த மழைநீரின் பி.எச். சுமார் 5.6. அந்த இடத்தில் ஹைட்ரஜன் அயனியின் பங்கும் வெறும் தண்ணீரின் பங்கும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கின்றன. நீர் மண்ணுக்குள் இறங்கி, வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டால், மேலும் நிறைய கல்லைக் கரைக்கும் வலு அதற்கு வருகிறது. பிறகு குகையின் கூரையில் சொட்டாகத் தொங்கும்போது அந்த வாயு காற்றில் வெளியேறுகிறது. இப்போது நான்காவது உறுப்பு மற்ற மூன்றையும் மிஞ்சுகிறது. கல் திரும்பி வந்து விழுதாக நீள்கிறது. கரைவதும் படிவதும் ஒரே விதியின் இரு பக்கங்கள்.

பள்ளியில் சலவைக்கல் துண்டுகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு வாயுவை அளக்கும் சோதனைக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. பி.எச். 4-க்குக் கீழே உள்ள கடும் அமிலத்தில் வேகம், கரைசலைக் கலக்கும் வேகத்தையும் சார்ந்துவிடுகிறது. கல்லின் மேற்பரப்பில் வினை அவ்வளவு விரைவாக முடிவதால், புதிய அமிலம் அங்கே வந்துசேரும் தாமதமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குடுவையை ஒரு மாணவர் ஆட்டி, இன்னொருவர் ஆட்டாமல் விட்டால் இருவருக்கும் வேறு வேறு எண் கிடைக்கும். இருவரும் சரியாகவே அளந்திருப்பார்கள்.

தொடக்க வேகத்தை இவ்வளவு போற்றிய பிறகு, அது தராத ஒன்றையும் சொல்ல வேண்டும். குகை எப்படி இவ்வளவு நீளமாக உருவாகிறது என்பதைத் தொடக்கத்தின் விதி விளக்காது. நீர் பாறையின் மயிரிழைப் பிளவுக்குள் நுழைகிறது. கரைந்த கல்லின் செறிவு நிறைவுநிலையை நெருங்க நெருங்க வேகம் நேர்விகிதத்தில் குறைகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த நீர் நுழைந்த இடத்தருகிலேயே தன் கரைக்கும் வலுவை முழுக்கச் செலவழித்துவிடும். பிளவின் உட்பகுதி அப்படியே இருக்கும். மலையைத் துளைத்துச் செல்லும் குகை உருவாக வழியே இல்லை.

ஜெர்மனியின் பிரேமன் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்காங் டிரைபிரோட்டும் அவர் குழுவினரும் 1990களில் இயற்கைச் சுண்ணாம்புக் கல்லை நிறைவுநிலைக்கு மிக அருகில் வைத்து அளந்தார்கள். நிறைவுநிலையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தாண்டியதும் விதியே மாறுகிறது. அதுவரை 1-ஆக இருந்த அடுக்கு சுமார் 4-க்குத் தாவுகிறது. கல்லில் கலந்திருக்கும் மாசுப்பொருள்கள் மேற்பரப்பில் சேர்ந்து வினையைத் தடுப்பதுதான் காரணம் என்பது அவர்கள் தந்த விளக்கம். அடுக்கு 1 என்றால், நிறைவுக்கு எஞ்சியிருக்கும் இடைவெளி நூற்றுக்குப் பத்திலிருந்து நூற்றுக்கு ஒன்றாகச் சுருங்கும்போது வேகம் பத்தில் ஒரு பங்காகும். அடுக்கு 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். அப்படி மெதுவாகிப்போன நீர், மிச்சமிருக்கும் சிறு வலுவைச் செலவழிக்க முடியாமல் பிளவின் மறுமுனைவரை சுமந்துகொண்டே போகிறது. வழி நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லைத் தின்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் பிளவு முழு நீளத்துக்கும் அகலமாகி, நீர் தடையின்றி ஓடும் அளவுக்குத் திறந்ததும், உள்ளே வரும் நீர் நிறைவடையாமலே வெளியேறுகிறது. அடுக்கு மீண்டும் 1 ஆகிறது. அதன்பிறகு குகை வேகமாகப் பெரிதாகிறது.